ஜுன்ட்ஸ் பெல் சி: ஒரே ஒரு கேள்விக்காகக் கட்டிய கேட்டலோனியக் கூட்டணி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேட்டலோனியா பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் 2017 அக்டோபரில்தான் தொடங்குகிறார்கள். ஸ்பெயினிலிருந்து பிரிவதா என்ற வாக்கெடுப்பு, போலீஸ் தடியடி, அப்போதைய கேட்டலோனிய அதிபர் பூஜ்டிமோன் பெல்ஜியத்துக்குப் போனது. அதற்கு இரண்டு வருடம் முன்னால் நடந்த ஒரு தேர்தலும், அந்தத் தேர்தலுக்காகவே உருவான ஒரு கூட்டணியும் தெரியாவிட்டால் 2017 பாதிதான் புரியும் என்பது என் எண்ணம். தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிதானவை முதலில், சிக்கலானவை போகப்போக.

ஜுன்ட்ஸ் பெல் சின்னா என்னங்க? அது ஒரு கட்சியா?

கட்சி இல்லை, தேர்தல் கூட்டணி. கட்டலான் மொழியில் 'ஜுன்ட்ஸ்' என்றால் ஒன்றாக, 'சி' என்றால் ஆம். 'ஆம் சொல்ல ஒன்றாக நிற்கிறோம்' என்று பெயரை விரித்துக்கொள்ளலாம். எதற்கு ஆம்? ஸ்பெயினிலிருந்து பிரிந்து கேட்டலோனியா தனி நாடாக வேண்டுமா என்ற கேள்விக்கு.

கேட்டலோனியா ஸ்பெயினுக்குள் தன்னாட்சி பெற்ற பகுதி. பார்சலோனாவில் 135 பேர் கொண்ட தனி நாடாளுமன்றமும், தனி அரசும் அதற்கு உண்டு. அந்த நாடாளுமன்றத்துக்கு 2015 செப்டம்பர் 27 அன்று நடந்த தேர்தலுக்காக, அதே ஆண்டு ஜூலையில் இந்தக் கூட்டணி அமைந்தது. 2017 டிசம்பரில் அடுத்த தேர்தல் வருவதற்குள் கலைந்துவிட்டது. ஆயுள் இரண்டரை வருடம்கூட இல்லை.

யார் யாரெல்லாம் இதுல இருந்தாங்க?

பெரிய கட்சிகள் இரண்டு. அப்போது ஆட்சியில் இருந்த, கேட்டலோனிய அதிபர் ஆர்தூர் மாஸின் கொன்வெர்ஜென்சியா ஒன்று. ஓரியோல் ஜுன்கேராஸ் தலைமையிலான எஸ்கேரா ரிபப்ளிகானா, அதாவது குடியரசு இடதுசாரிகள், இன்னொன்று. கூடவே இரண்டு சிறு கட்சிகள். கொன்வெர்ஜென்சியாவின் நெடுநாள் கூட்டாளியான ஊனியோ கட்சியில் பிரிவினையை ஆதரித்தவர்கள் வெளியேறித் தொடங்கிய தெமோக்ரதெஸ், சோசலிஸ்ட் கட்சியிலிருந்து அதே காரணத்துக்காக வந்தவர்களின் இடதுசாரி இயக்கம்.

இவர்களோடு எந்தக் கட்சியையும் சேராத தனி ஆட்கள். இவர்கள்தான் இந்தக் கூட்டணியின் தனித்தன்மை. 2012 முதல் ஒவ்வொரு செப்டம்பர் 11 அன்றும், அதாவது கேட்டலோனிய தேசிய நாளன்று, லட்சக்கணக்கானவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்த கேட்டலோனிய தேசிய மன்றம், கட்டலான் மொழிக்காகவும் பண்பாட்டுக்காகவும் 1961 முதல் இயங்கும் ஓம்னியம் என்ற சங்கம் ஆகியவற்றில் முன்னால் நின்றவர்கள் பட்டியலுக்குள் வந்தார்கள்.

வலதுசாரியும் இடதுசாரியும் ஒரே பட்டியல்ல எப்படி? கொள்கை ஒத்துப்போகுமா?

ஒத்துப்போகாது, அது அவர்களுக்கும் தெரியும். கொன்வெர்ஜென்சியா தொழில்முனைவோருக்கும் நடுத்தர வர்க்கத்துக்கும் நெருக்கமான மிதவாத வலது. பொருளாதார நெருக்கடிக் காலத்தில் மருத்துவம், கல்வி எல்லாவற்றிலும் செலவை வெட்டிய அரசு அவர்களுடையது. எஸ்கேரா, பேரிலேயே இடது. வரி, நலத்திட்டம் என்று பேச உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் சண்டை வரும்.

அதனால் தேர்தலையே வேறு மாதிரி மாற்றினார்கள். 'இது யார் நன்றாக ஆள்வார் என்று கேட்கும் தேர்தல் இல்லை, பிரிவதா வேண்டாமா என்று கேட்கும் தேர்தல். மற்றதை நாடு கிடைத்த பிறகு பேசிக்கொள்வோம்' என்றார்கள். பலம் அதுதான். பலவீனமும் அதுதான், ஏனென்றால் இடைப்பட்ட காலத்தில் பட்ஜெட் போட வேண்டும், ஆஸ்பத்திரி நடத்த வேண்டும்.

பிரிவு வேணுமான்னு நேரா வாக்கெடுப்பு நடத்திக் கேட்க வேண்டியதுதானே? எதுக்குத் தேர்தல்?

கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. ஸ்காட்லாந்து 2014 செப்டம்பரில் வாக்களித்தபோது லண்டன் அரசு அதற்கு ஒப்புக்கொண்டிருந்தது. மாட்ரிட் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்பெயின் அரசியலமைப்பின் 2ஆம் பிரிவு நாட்டின் ஒற்றுமை பிரிக்க முடியாதது என்கிறது, ஆகவே ஒரு பகுதி மட்டும் தனியாக முடிவெடுக்க முடியாது என்பது மத்திய அரசின் வாதம். 2014 நவம்பர் 9 அன்று மாஸ் அரசு ஒரு கலந்தாய்வு வாக்கெடுப்பு நடத்தியது. அரசியலமைப்பு நீதிமன்றம் தடை விதித்திருந்ததால் தன்னார்வலர்களை வைத்துத்தான் நடத்த முடிந்தது. சுமார் 23 லட்சம் பேர் வந்தார்கள், ஐந்தில் நான்கு பேர் பிரிவுக்கு ஆதரவாகப் போட்டார்கள். பிரிவை விரும்பாதவர்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

மிச்சம் இருந்த ஒரே சட்டப்படியான வழி தேர்தல். தேர்தலை அறிவிக்கும் அதிகாரம் கேட்டலோனிய அதிபருக்கு உண்டு, அதை எந்த நீதிமன்றமும் தடுக்க முடியாது. எல்லாத் தரப்பும் வந்து ஓட்டுப் போடும். அந்தத் தேர்தலையே வாக்கெடுப்பாகக் கருதுவோம் என்றார்கள்.

அதிபர் மாஸ் பட்டியல்ல நாலாவதாமே? அதிபரை நாலாவது இடத்துல வைப்பாங்களா?

வைத்தார்கள். பார்சலோனா பட்டியலில் முதல் பெயர் ரவுல் ருமேவா, பசுமை இடதுசாரிகளின் முன்னாள் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர், அந்தக் கட்சியை விட்டு வந்தவர். இரண்டாவது கார்மே ஃபோர்கடெல், தேசிய மன்றத்தின் தலைவராக இருந்தவர். மூன்றாவது முரியேல் கசால்ஸ், ஓம்னியத்தின் தலைவராக இருந்த பொருளியல் பேராசிரியர். அப்புறம்தான் மாஸ், ஐந்தாவதாக ஜுன்கேராஸ். ஜிரோனா மாகாணத்தில் பட்டியல் தலைவர் பாடகர் யுயிஸ் யாக், தாரகோனாவில் பொருளியலாளர் ஜெர்மா பெல்.

இது கட்சிகளின் கூட்டணி இல்லை, மக்கள் இயக்கத்தின் பட்டியல் என்று காட்டுவது நோக்கம். இன்னொரு காரணமும் உண்டு, அதை அவர்கள் சத்தமாகச் சொல்லவில்லை. கொன்வெர்ஜென்சியா மீது ஊழல் வழக்குகள் இருந்தன. அதன் நிறுவனர் ஜோர்தி பூஜோல், பல ஆண்டுகளாக வெளிநாட்டில் கணக்கில் காட்டாத பணம் இருந்ததை 2014 ஜூலையில் தானே ஒப்புக்கொண்டிருந்தார். அந்தக் கட்சியின் தலைவரை முதல் பெயராகப் போட்டால் எத்தனை இடதுசாரி வாக்காளர்கள் அந்தத் தாளைக் கையில் எடுப்பார்கள்? ஜெயித்தால் மாஸ்தான் அதிபர் என்பது ஒப்பந்தம். அதை மறைக்கவில்லை.

பெப் குவார்டியோலா நிஜமாவே எலெக்‌ஷன்ல நின்னாரா?

பெயர் இருந்தது, உண்மைதான். பார்சலோனா மாகாணத்துக்கு 85 இடங்கள். 85ஆவது, அதாவது கடைசிப் பெயர் அவருடையது. அந்த இடத்திலிருந்து யாரும் ஜெயிக்க முடியாது, அது ஆதரவைக் காட்ட மட்டும். அப்போது அவர் ஜெர்மனியில் பயர்ன் மியூனிக் கால்பந்து அணியின் பயிற்சியாளர். 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் ஸ்பெயின் அணிக்கு ஆடித் தங்கம் வென்றவர் இப்படிச் செய்யலாமா என்று கேட்டவர்கள் உண்டு. சட்டப்படி எந்தத் தடையும் இல்லை.

இத்தனை கட்சி சேர்ந்தா தொகுதிப் பங்கீடு எப்படிப் பண்ணினாங்க?

தொகுதிப் பங்கீடே கிடையாது, ஏனென்றால் தொகுதிக்கு ஒரு வேட்பாளர் என்ற முறை அங்கே இல்லை. நான்கு மாகாணங்கள், மாகாணத்துக்கு ஒரு பட்டியல். பார்சலோனாவுக்கு 85, தாரகோனாவுக்கு 18, ஜிரோனாவுக்கு 17, யெய்தாவுக்கு 15. வாக்குச்சாவடியில் ஒவ்வொரு கட்சிக்கும் தனித்தாள் அடுக்கி வைத்திருப்பார்கள், அதில் வேட்பாளர் பெயர்கள் வரிசையாக அச்சிட்டிருக்கும். வேண்டிய தாளை எடுத்து உறைக்குள் போட்டுப் பெட்டியில் இட வேண்டும். பெயரை அடிக்கவோ வரிசையை மாற்றவோ கூடாது. பேரம் நடந்ததெல்லாம் யார் எத்தனையாவது பெயர் என்பதில்தான்.

சரி, ஜெயிச்சாங்களா தோத்தாங்களா? ஒருத்தர் ஒண்ணு சொல்றார், இன்னொருத்தர் வேற சொல்றார்.

இரண்டு பேர் சொல்வதும் கணக்குப்படி சரி. அதுதான் பிரச்சினையே.

ஜுன்ட்ஸ் பெல் சிக்கு 39.6 சதவீத ஓட்டு, 62 இடம். இரண்டாவது வந்த சியுதாதான்ஸ் கட்சிக்கு 25தான், அதனால் முதலிடம் யார் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் பெரும்பான்மைக்கு 68 வேண்டும். பட்டியலில் சேராமல் தனியாக நின்ற, பிரிவை ஆதரிக்கும் தீவிர இடதுசாரி அமைப்பான கூப் 8.2 சதவீத ஓட்டும் 10 இடமும் பெற்றது. கூட்டினால் 72 இடம், பெரும்பான்மை. ஓட்டைக் கூட்டினால் 47.8 சதவீதம், பாதிக்குக் கீழே.

தேர்தல் என்று பார்த்தால் வெற்றி. வாக்கெடுப்பு என்று பார்த்தால் 50ஐத் தொடவில்லை. இதை வாக்கெடுப்பு என்று பெயர் சூட்டியவர்களே அவர்கள்தான் என்பதால் எதிர்த்தரப்பு அந்தக் குச்சியாலேயே அடித்தது. கூப் பட்டியலின் தலைவர் அந்தோனியோ பாஞ்ஞோஸ் மறுநாளே, ஓட்டில் பாதியைத் தாண்டாததால் ஒருதலைப்பட்சமாகச் சுதந்திரம் அறிவிக்க முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். நான் அந்த மனிதரை மதிப்பதற்கு அது ஒரு காரணம்.

மீதி 52 சதவீதமும் 'வேண்டாம்'னு சொன்னவங்கதானே?

இல்லை. பிரிவை நேரடியாக எதிர்த்த மூன்று கட்சிகள் சியுதாதான்ஸ், சோசலிஸ்டுகள், மக்கள் கட்சி. மூன்றும் சேர்ந்து 39 சதவீதத்துக்குப் பக்கம். இடதுசாரிப் போதேமோஸ் கட்சியும் கூட்டாளிகளும் கிட்டத்தட்ட 9 சதவீதம். அவர்கள் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்றார்கள், ஆமா இல்லையா என்பதில் கையைத் தூக்கவில்லை. இடமே கிடைக்காத ஊனியோவுக்கு 2.5 சதவீதம். ஆக, 'பெரும்பான்மை வேண்டாம் என்றது' என்பதும் தவறு, 'பெரும்பான்மை வேண்டும் என்றது' என்பதும் தவறு. தேர்தலை வைத்து ஆம்-இல்லை கேள்வி கேட்டால் இந்த நடுவில் நிற்பவர்களை எந்தப் பக்கம் எண்ணுவது என்று யாராலும் சொல்ல முடியாது.

47.8 சதவீதத்துக்கு 72 இடம் எப்படி? ஏதாவது தில்லுமுல்லா?

தில்லுமுல்லு இல்லை. கேட்டலோனியாவுக்குத் தனித் தேர்தல் சட்டம் கிடையாது, ஸ்பெயினின் சட்டப்படிதான் நடக்கிறது. நாலில் மூன்று பங்கு மக்கள் பார்சலோனா மாகாணத்தில் வாழ்கிறார்கள், ஆனால் அதற்கு 135இல் 85 இடம்தான். யெய்தா, ஜிரோனா போன்ற இடங்களில் ஒரு இடத்துக்குத் தேவைப்படும் ஓட்டு குறைவு. பிரிவு ஆதரவு வலுவாக இருப்பதும் அந்த மாகாணங்களில்தான். 3 சதவீதத்துக்குக் கீழே போன கட்சிகளின் ஓட்டும் வீணாகிவிடும், ஊனியோவுக்கு ஆனது போல.

தனித்தனியா நின்றிருந்தா இன்னும் நிறைய கிடைச்சிருக்குமோ?

2012இல் கொன்வெர்ஜென்சியாவும் ஊனியோவும் சேர்ந்து 50, எஸ்கேரா 21, மொத்தம் 71. 2015இல் ஒரே பட்டியலாக 62. ஆகவே ஒன்று சேர்ந்ததால் நஷ்டம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. ஜுன்கேராஸே தொடக்கத்தில் தனித்தனிப் பட்டியல்தான் நல்லது என்று நினைத்தார், ஒற்றைப் பட்டியல் யோசனையை 2014 நவம்பரில் முன்வைத்தவர் மாஸ்.

ஆனால் அந்த 50க்குள் பிரிவை விரும்பாத ஊனியோ ஆட்களும் இருந்தார்கள், அதனால் 71ஐயும் 62ஐயும் நேராக ஒப்பிட முடியாது. எஸ்கேராவுக்குப் போட விரும்பி, மாஸை ஏற்க முடியாமல் கூப் பக்கம் போனவர்கள் இருந்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். கூப் 2012இல் 3 இடம், 2015இல் 10. அந்த ஓட்டுகள் பிரிவு முகாமை விட்டு வெளியே போகவில்லை.

கூப் ஏன் மாஸை அதிபராக்க ஒத்துக்கல? லட்சியம் ஒண்ணுதானே?

லட்சியம் ஒன்று, மனிதர் வேறு. கூப்புக்கு மாஸ் என்றால் செலவு வெட்டு, ஊழல், பழைய ஆட்சி. தேர்தலுக்கு முன்பே அவரை ஆதரிக்க மாட்டோம் என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார்கள். மாஸ் கட்சியோ அவரை விட்டால் ஆளே இல்லை என்றது. மூன்று மாதம் புதிய அதிபரைத் தேர்ந்தெடுக்க முடியாமல் போனது.

2015 டிசம்பர் 27 அன்று சபாதெல் நகரில் கூப் தன் உறுப்பினர்களையும் ஆதரவாளர்களையும் கூட்டியது. மாஸை ஏற்பதா வேண்டாமா, நாள் முழுக்க விவாதம், சுற்றுச் சுற்றாக ஓட்டெடுப்பு. கடைசிச் சுற்றில் எண்ணி முடித்தால் ஏற்கலாம் என்று 1,515 பேர், வேண்டாம் என்று 1,515 பேர். சரிசமம். மூவாயிரம் பேர் கூடிய இடத்தில் ஒரே ஒரு ஆள் பஸ்ஸைத் தவறவிட்டிருந்தால் வரலாறு மாறியிருக்கும். ஏதோ ஏற்பாடு என்று சிரித்தவர்கள் நிறைய, ஆனால் பாதிப் பாதியாகப் பிளந்த ஒரு அமைப்பு அந்தப் பிளவை அப்படியே எண்ணிக் காட்டியது என்றுதான் நான் பார்க்கிறேன். சில நாள் கழித்து கூப் தலைமைக் குழு வேண்டாம் என்று முடிவெடுத்தது, மாஸை ஏற்கலாம் என்று நினைத்த பாஞ்ஞோஸ் பதவி விலகினார்.

2016 ஜனவரி 9 அன்று, மறுதேர்தலுக்கான கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது மாஸ் ஒதுங்கினார். ஜிரோனா மேயராக இருந்த, வெளியே அதிகம் தெரியாத கார்லஸ் பூஜ்டிமோன் அடுத்த நாள் 70 ஓட்டில் அதிபரானார். ஜுன்கேராஸ் துணை அதிபர், ருமேவா வெளியுறவு. ஃபோர்கடெல் ஏற்கெனவே அக்டோபரில் நாடாளுமன்றத் தலைவர் ஆகியிருந்தார். மூன்றாவது பெயரான முரியேல் கசால்ஸ் ஜனவரி கடைசியில் பார்சலோனா தெருவில் சைக்கிள் மோதி அடிபட்டு, பிப்ரவரி 14 அன்று காலமானார். பட்டியலில் இருந்த பலரைவிடக் கட்சி எல்லை தாண்டி மதிக்கப்பட்டவர் அவர்.

18 மாசத்துல தனி நாடுன்னு சொன்னாங்களே, என்னாச்சு?

வாக்குறுதி அதுதான். 18 மாதத்தில் வரித்துறை, சமூகப் பாதுகாப்பு போன்ற அரசு அமைப்புகளைக் கட்டி, அரசியலமைப்பு எழுதும் கட்டத்துக்குப் போவது. 2015 நவம்பர் 9 அன்று நாடாளுமன்றம் 72-63 என்ற கணக்கில் பிரிவு நடவடிக்கையைத் தொடங்கும் தீர்மானமும் நிறைவேற்றியது, மூன்றே வாரத்தில் அரசியலமைப்பு நீதிமன்றம் ரத்து செய்தது. 2016 ஜூனில் கூப் பட்ஜெட்டைக் கவிழ்த்தது. மேலே சொன்னேனே, நாடு கிடைக்கும்வரை ஆள வேண்டும் என்று, அது இங்கேதான் இடித்தது.

பூஜ்டிமோன் நம்பிக்கை ஓட்டுக் கோரினார். அப்போது அவர் வைத்த வாசகம் 'வாக்கெடுப்பு, இல்லையென்றால் வாக்கெடுப்பு'. கவனியுங்கள், 2015 தேர்தலே வாக்கெடுப்பு என்று சொன்னவர்கள் ஒரு வருடத்தில் உண்மையான வாக்கெடுப்பு வேண்டும் என்றார்கள். 47.8 போதவில்லை என்று வாயால் சொல்லாமல் ஒப்புக்கொண்டது அது. நேர்மையான திருப்பம் என்றே நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

நாடாளுமன்றத்துல பெரும்பான்மை இருந்துச்சே, சட்டம் போட்டது எப்படித் தப்பாகும்?

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. 2017 செப்டம்பர் 6 அன்று வாக்கெடுப்புச் சட்டமும், அடுத்த நாள், பிரிந்தால் இடைக்காலத்தில் எப்படி ஆள்வது என்ற இடைக்காலச் சட்டமும் நிறைவேறின. முதல் சட்டத்துக்கு ஆதரவு அதே 72, எதிர்ப்பு பூஜ்யம், 11 பேர் நடுநிலை. எதிர்ப்பு ஏன் பூஜ்யம் என்றால் எதிர்த்த மூன்று கட்சிகளும் ஓட்டெடுப்புக்கு முன் வெளியேறிவிட்டன. மக்கள் கட்சியினர் தங்கள் காலி இருக்கைகளில் ஸ்பெயின் கொடியையும் கேட்டலோனியக் கொடியையும் ஒன்றாக விரித்துவிட்டுப் போனார்கள். போதேமோஸ் அணியின் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்துபோய் ஸ்பெயின் கொடிகளை மட்டும் எடுத்துப் போட்டார். அவருடைய அணித் தலைவரே அதை ஏற்கவில்லை.

கேட்டலோனியத் தன்னாட்சிச் சட்டத்தைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 90 பேர் வேண்டும். அந்தச் சட்டத்தையே தாண்டிப் போகும் ஒன்றை 72 பேர், ஒரே நாளில் அவசரமாக நிறைவேற்றலாமா என்பது எதிர்த்தரப்பின் கேள்வி, நாடாளுமன்றத்தின் சொந்தச் சட்ட ஆலோசகர்களும் எச்சரித்திருந்தார்கள். எல்லா வழியையும் மாட்ரிட் அடைத்த பிறகு வேறென்ன செய்வது என்பது இவர்கள் பதில். மாட்ரிட் பேச மறுத்தது பெரிய தவறு என்று நினைக்கிறேன். ஆனால் அந்த இரண்டு நாளும் எதிர்க்கட்சியை நடத்திய விதமும் சரியில்லை. பிரிவை ஆதரிக்கும் நண்பர்களுக்கு இது பிடிக்காது, இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

அக்டோபர் 1 வாக்கெடுப்பை நடத்தினது இந்தக் கூட்டணியா, மக்களா?

அறிவித்தது கூட்டணி அரசு, நடத்தியது மக்கள் என்று சொன்னால் தப்பில்லை. ஓட்டுப் பெட்டிகளைப் போலீஸ் வாரக்கணக்கில் தேடியது, கிடைக்கவில்லை. சீனாவில் செய்த வெள்ளை பிளாஸ்டிக் பெட்டி, கறுப்பு மூடி. எல்லைக்கு அப்பால் பிரான்ஸ் பக்கத்தில் இறக்கி, காரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து, சாதாரண ஆட்கள் தங்கள் வீட்டில் ஒளித்து வைத்திருந்தார்கள். அன்று விடியுமுன் அவை பள்ளிக்கூடங்களுக்கு வந்து சேர்ந்தன. கேட்டலோனிய அரசு அறிவித்தபடி எண்ணப்பட்ட ஓட்டு சுமார் 22.9 லட்சம், 90 சதவீதம் ஆம், வாக்குப்பதிவு 43 சதவீதம். வாசலில் உட்கார்ந்திருந்தவர்களைப் போலீஸ் அடித்து இழுத்த படங்களை உலகமே பார்த்தது. அக்டோபர் 27 அன்று நாடாளுமன்றம் 70 ஓட்டில் சுதந்திரம் அறிவித்தது, அன்றே மாட்ரிட் அரசியலமைப்பின் 155ஆம் பிரிவைப் பயன்படுத்தி அரசைக் கலைத்து, டிசம்பர் 21க்குத் தேர்தல் வைத்தது.

ஜெயிலுக்குப் போனவங்க இந்தப் பட்டியல் ஆளுங்கதானா?

பலர் ஆம். 2017 நிகழ்வுகளுக்காக 2019 அக்டோபரில் ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் ஜுன்கேராஸுக்கு 13 வருடம், ருமேவாவுக்கு 12, ஃபோர்கடெலுக்குப் பதினொன்றரை வருடம் கொடுத்தது. பட்டியலின் முதல் ஐந்து பெயர்களில் மூவர். மொத்தம் ஒன்பது பேர் சிறையில் இருந்தார்கள், 2021 ஜூனில் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார்கள். பூஜ்டிமோன் பெல்ஜியத்துக்குப் போய்விட்டதால் அந்த வழக்கில் நிற்கவில்லை. 2024இல் பொது மன்னிப்புச் சட்டமும் வந்தது.

ஜுன்ட்ஸ் பெல் சியும், இப்ப இருக்கிற ஜுன்ட்ஸும் ஒண்ணுதானே?

இல்லை, இதைத்தான் அதிகம் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். 2017 டிசம்பர் தேர்தலில் எஸ்கேரா மறுபடி ஒரே பட்டியலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பூஜ்டிமோன் தன் பட்டியலுக்கு ஜுன்ட்ஸ் பெர் கதலுன்யா என்று பெயர் வைத்தார், அது 2020இல் தனிக் கட்சியானது. செய்தியில் 'ஜுன்ட்ஸ்' என்று வந்தால் இப்போது அதைத்தான் சொல்கிறார்கள். மாஸின் பழைய கொன்வெர்ஜென்சியா 2016இலேயே பெயர் மாற்றிக்கொண்டு, பிறகு தேய்ந்துபோனது.

மறுபடி அப்படி ஒரு பட்டியல் வர வாய்ப்பு இருக்கா?

கிட்டத்தில் தெரியவில்லை. 2021இல் பிரிவு ஆதரவுக் கட்சிகளின் ஓட்டு முதல்முறையாக 50 சதவீதத்தைத் தாண்டியது, ஆனால் கொரோனா காலம், பாதிக்குச் சற்று மேல்தான் வாக்குப்பதிவு. ஓட்டு எண்ணிக்கையில் பார்த்தால் 2015இன் 19.66 லட்சத்திலிருந்து 14 லட்சச் சொச்சத்துக்கு இறங்கியிருந்தது. 2024 மே தேர்தலில் ஜுன்ட்ஸ் 35, எஸ்கேரா 20, கூப் 4, புதிதாக வந்த தீவிர வலதுசாரி அலியான்சா 2, எல்லாம் சேர்த்தும் 61. அதிபரானவர் சோசலிஸ்ட் சல்வதோர் இய்யா, அவரை அந்த நாற்காலியில் உட்கார வைக்க ஓட்டுப் போட்டவர்களில் எஸ்கேராவும் உண்டு.